ஒரு வாசலுக்கு எட்டு அணிகள்: ஐவி லீக்கின் நீண்ட காத்திருப்புகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது டார்ட்மத் கல்லூரி. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் கடைசியாக ஆடியது 1959இல். அன்று எதிரே நின்றது வெஸ்ட் வர்ஜீனியா. அந்த அணியின் நட்சத்திரம் ஜெர்ரி வெஸ்ட். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் உருவம் அவருடையதுதான். டார்ட்மத் தோற்று வீடு திரும்பியது. அதற்கப்புறம் அந்தப் போட்டியின் பக்கமே அதனால் போக முடியவில்லை.

ஒருமுறையாவது அங்கே ஆடிய, இன்றும் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றில் இருக்கிற அணிகளில் இதைவிட நீண்ட காத்திருப்பு யாருக்கும் இல்லை. (2025 மார்ச் வரையான கணக்கு இது. கட்டுரையில் வரும் போட்டிக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அதே வரம்புதான்.) ஆர்மி, சிட்டடெல், வில்லியம் அண்ட் மேரி போல ஒருமுறைகூடப் போகாத அணிகளும் உண்டு, அவை தனிக்கதை.

டார்ட்மத் இருப்பது ஐவி லீக் என்ற கல்லூரிக் குழுவில். மொத்தம் எட்டு அணிகள். அதில் கொலம்பியா கடைசியாகப் போனது 1968இல். பிரவுன் 1986இல், அதற்கு முன்பு 1939இல். ஹார்வர்ட் 1946இல் ஆடிவிட்டு அடுத்து 2012இல்தான் வந்தது, 66 ஆண்டுகள் கழித்து. யேல் 1962க்குப் பிறகு 2016 வரை காத்திருந்தது. கார்னெல்கூட 1954க்கும் 1988க்கும் இடையே 34 ஆண்டுகள் வெளியேதான் நின்றது. ஆக, எட்டில் ஆறு அணிகள் ஒரு தலைமுறைக்கும் மேலான இடைவெளியைப் பார்த்திருக்கின்றன.

படிப்பில் கெட்டிக்காரக் கல்லூரிகள், விளையாட்டில் சுமார், அதனால் இப்படி என்று ஒரு பதில் உடனே வரும். ஆனால் அதே லீக்கில், அதே விதிகளுக்குள் ஆடும் பிரின்ஸ்டன் 26 முறையும் பென்சில்வேனியா (சுருக்கமாக பென்) 24 முறையும் தேசியப் போட்டிக்குப் போயிருக்கின்றன. இரண்டும் அரையிறுதி வரைகூட எட்டியவை. எனவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். என் பார்வையில், இந்தக் காத்திருப்புகளின் நீளத்தை முதலில் தீர்மானித்தது வாசலின் அமைப்பு. திறமை, பணம், அதிர்ஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை.

வாசல் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஆண்டுதோறும் மார்ச்சில் நடத்தும் இந்தத் தேசியப் போட்டிக்கு 68 அணிகள் தேர்வாகின்றன. அமெரிக்கக் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. 2025இல் 31 கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களுக்கு நேரடி இடம் கிடைத்தது. மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து, யார் யாரை எங்கே வென்றார்கள் என்று அலசி, பிடித்தவர்களுக்குக் கொடுத்தது. உள்ளே வந்த அணிகளை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் கொடுப்பார்கள். தோற்றால் வெளியே. அவ்வளவுதான்.

அந்த 37 இடங்களில்தான் சூட்சுமம். அதே 2025இல் எஸ்.இ.சி. என்ற தென்மாநிலக் கான்ஃபரன்ஸிலிருந்து 14 அணிகள் உள்ளே போயின. அங்கே இருப்பதே 16 அணிகள்தான். உள்ளே போகாமல் இருப்பதற்கே அங்கே கொஞ்சம் உழைக்க வேண்டும்! ஐவியிலிருந்து போனது ஒன்று, சாம்பியன் மட்டும். ஐவி லீக் உருவான பிறகு, ஆண்கள் போட்டியில் தேர்வுக் குழுவின் தயவில் ஐவி அணி ஒன்று உள்ளே போனதாகச் சரித்திரம் இல்லை. எட்டு பேர், ஒரு வாசல், ஆண்டுக்கு ஒருமுறை.

ஒரு காலத்தில் எல்லோருக்கும் இதே நிலைதான். 1939இல் போட்டி தொடங்கியபோது மொத்தமே எட்டு அணிகள். 1951இல் அது 16 ஆனது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஆனால் 1974 வரை ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஒரு அணி என்பதே விதி. நாட்டின் இரண்டாவது சிறந்த அணியாக இருந்தாலும், முதல் அணி உங்கள் கான்ஃபரன்ஸில் இருந்தால் வீட்டில்தான் உட்கார வேண்டும். 1975இல் போட்டியை 32 அணிகளாக விரித்தபோது இந்தக் கட்டுப்பாடு போனது. 1985இல் 64 ஆனது. பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு அன்றிலிருந்து இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது கதவுகள் திறந்துகொண்டே போயின. ஐவி லீக் மட்டும் நடைமுறையில் 1974இலேயே நின்றுவிட்டது.

இதற்குக் குழுவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐவி அணிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. வருமானத்தைப் பார்த்துத் தரும் பொதுவான நிதியுதவி மட்டும்தான். ஆட்டக்காரர்கள் படிப்பிலும் ஒரு வரம்பைத் தாண்டியாக வேண்டும். லீக்குக்குள் ஆடும் 14 ஆட்டங்களில் பெரும்பாலானவை தேசியத் தரவரிசையில் பின்தங்கிய அணிகளோடு. ஜெயித்தாலும் மதிப்பெண் ஏறாது, தோற்றால் மளமளவென்று இறங்கும். பெரிய கல்லூரிகளோ தோற்றால் அவமானம், ஜெயித்தால் பெருமையில்லை என்று ஐவி அணிகளின் சின்ன அரங்குகளுக்கு வந்து ஆட விரும்புவதில்லை. பெண்கள் போட்டியில் இந்தச் சுவர் எப்போதோ உடைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: 2016இல் பிரின்ஸ்டன் பெண்கள் அணி குழுவின் தேர்வால் உள்ளே போனது. 2025இல் ஹார்வர்ட், பிரின்ஸ்டன், கொலம்பியா என்று மூன்று ஐவி பெண்கள் அணிகள் ஆடின. ஆண்கள் பக்கம் அது இன்னும் குதிரைக்கொம்பு.

சரி, ஒரு வாசல் என்றால் எவ்வளவு காலம் காத்திருப்பது இயல்பு? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டு அணிகளும் சமபலம், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட சொர்க்கத்திலும் ஒரு அணி தொடர்ந்து பத்து ஆண்டுகள் போகாமல் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். இருபது ஆண்டுகள் என்றால் சுமார் 7 சதவீதம். அதாவது ஐவியில் ஒரு அணி பத்து, இருபது ஆண்டுகள் வெளியே நின்றால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பயிற்சியாளரைத் திட்டுவதற்கும் அது போதாது. ஆனால் யேலைப் போல ஐம்பது ஆண்டுகளைத் தாண்டும்போது அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே வெறும் பகடை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யாரோ அந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

நின்றார்கள். 1969 முதல் 2007 வரை 39 ஆண்டுகள். அதில் 37 முறை ஐவியின் இடத்தை எடுத்துக்கொண்டவை பென்னும் பிரின்ஸ்டனும்தான். இடையில் நுழைந்தது இரண்டே முறை: 1986இல் பிரவுன், 1988இல் கார்னெல். அந்த பிரவுன் முதல் சுற்றிலேயே சிரக்யூஸிடம் 101–52 என்று நொறுங்கியது. 47 ஆண்டு காத்திருந்து போன வீட்டில் விருந்து இப்படி முடிந்தது.

இந்த இருவர் ஆட்சிக்கு முன்பு கதை வேறாக இருந்தது. டார்ட்மத்தையே எடுத்துக்கொள்வோம். 1941 முதல் 1944 வரை நான்கு ஆண்டும் அது தேசியப் போட்டியில் இருந்தது. எட்டு அணிகள் மட்டுமே ஆடிய காலத்தில்! 1942இல் இறுதியாட்டத்தில் ஸ்டான்ஃபோர்டிடம் தோற்றது. 1944இல் மறுபடி இறுதிக்கு வந்து, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டனில் கூடுதல் நேரத்தில் யூட்டாவிடம் 42–40 என்று தோற்றது. அந்த யூட்டா அணி முதலில் அழைப்பை ஏற்காமல் வேறொரு போட்டிக்குப் போய்த் தோற்று, பிறகு விபத்தில் சிக்கிய ஆர்கன்சா அணிக்குப் பதிலாக உள்ளே வந்தது. அதில் ஆடிய வாட் மிசாகா ஜப்பானியக் குடியேறிகளின் மகன். அவரைப் போன்ற பல்லாயிரம் பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்து வைத்திருந்த ஆண்டுகள் அவை. டார்ட்மத் பக்கமும் போரின் நிழல் இருந்தது. கடற்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் வி-12 திட்டத்தால் வேறு கல்லூரி ஆட்டக்காரர்கள் ஹானோவருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். செயின்ட் ஜான்ஸில் புகழ்பெற்ற டிக் மெக்வயர் அப்படி வந்தவர். அந்தப் பொற்காலத்தில் போரின் பங்கும் இருந்தது என்பதை டார்ட்மத் ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

போர் முடிந்து பத்தாண்டுகள் கழித்தும் டார்ட்மத் வலுவாகவே இருந்தது. ரூடி லாருஸோ என்ற உயரமான ஆட்டக்காரர் 1958, 1959 இரண்டு ஆண்டும் அணியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார், பிறகு என்.பி.ஏ.வில் லேக்கர்ஸுக்கு ஆடினார். ஐவி லீக் என்ற முறையான அமைப்பு அப்போதுதான் உருவாகியிருந்தது. விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்ற 1954ஆம் ஆண்டு உடன்பாடு எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தியது. நாட்டின் மற்ற பகுதிகளில் உதவித்தொகைகள் பெருகப் பெருக, ஐவி பின்தங்கியது. ஆனால் எட்டு அணிகளும் ஒரே அளவில் பின்தங்கவில்லை.

கொலம்பியாவின் கதை எனக்கு இன்னும் வலிக்கிற ஒன்று. 1968இல் ஜிம் மெக்மில்லியன், ஹேவர்ட் டாட்சன் என்ற இரு இளம் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு கொலம்பியா லீக்கில் பிரின்ஸ்டனோடு சமநிலையில் முடித்தது. சமநிலை என்றால் அப்போது ஒரு தீர்வு ஆட்டம் நடக்கும். அதில் பிரின்ஸ்டனை 92–74 என்று ஊதித் தள்ளியது. தேசியப் போட்டியில் ஒரு சுற்றைத் தாண்டி, அடுத்த சுற்றில் டேவிட்சனிடம் கூடுதல் நேரத்தில் இரண்டே புள்ளியில் தோற்றது. அந்த ஆட்டக்காரர்கள் அப்போது சின்னப் பையன்கள். இன்னும் இரண்டு ஆண்டுகள் கையில் இருந்தன. திரும்பி வருவார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1969இல் பிரின்ஸ்டன் லீக்கில் 14 ஆட்டத்தையும் வென்றது. 1970இல் பென் 14 ஆட்டத்தையும் வென்றது. மெக்மில்லியன் லேக்கர்ஸுக்குப் போய் 1972இல் என்.பி.ஏ. பட்டம் வென்றார். கொலம்பியா இன்றுவரை திரும்பி வரவில்லை.

இரண்டாவது இடத்துக்கு ஒரு கதவு இருந்திருந்தால் 1969, 1970 கொலம்பியா அணிகளைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும். காத்திருப்பு 1968இலிருந்து எண்ணப்படுகிறது. அதற்கடுத்த இரண்டு ஆண்டும் அந்த அணி நாட்டின் நல்ல அணிகளில் ஒன்று என்ற செய்தி அந்த எண்ணில் எங்கும் இல்லை. இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான்.

பென்னும் பிரின்ஸ்டனும் ஏன்? பென் இருப்பது ஃபிலடெல்பியாவில். கூடைப்பந்து ஊறிப்போன நகரம். டெம்பிள், வில்லனோவா, லா சால், செயின்ட் ஜோசப்ஸ் என்று சுற்றிலும் வலுவான அணிகள். அவற்றோடு ஆண்டுதோறும் மோதும் பழக்கம். 1927இல் திறந்த பலெஸ்ட்ரா என்ற அரங்கம் பென்னுக்குச் சொந்தம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் கோயில் என்று அதைச் சொல்வார்கள். நல்ல பயிற்சியாளர்களும் தொடர்ந்து கிடைத்தார்கள். 1970களில் அங்கே இருந்த சக் டேலிதான் பின்னால் 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ட்ரீம் டீமை நடத்தியவர். 1979இல் பென் வட கரோலினாவையும் சிரக்யூஸையும் வீழ்த்தி அரையிறுதிக்கே போனது. அங்கே மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 101–67 என்று அடி வாங்கியது வேறு விஷயம்.

பிரின்ஸ்டனுக்கு முதலில் பில் பிராட்லி. 1965இல் அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோய், மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் 58 புள்ளிகள் அடித்தார். பின்னாளில் நியூ ஜெர்சியின் செனட்டர் ஆனார். அப்புறம் பீட் கரில் வந்தார். 1967 முதல் 1996 வரை 29 ஆண்டுகள். ஓடவோ குதிக்கவோ எதிரணி அளவுக்கு முடியாது என்று தெரிந்த ஒருவர் கட்டிய ஆட்டமுறை அவருடையது. பந்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். தடுப்பவர் ஒரு நொடி முன்னே சாய்ந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கூடையில் போடுவார்கள். 1989இல் 16ஆம் எண் பிரின்ஸ்டன் முதல் எண் ஜார்ஜ்டவுனிடம் 50–49 என்று ஒரே புள்ளியில் தோற்றது. சின்ன கான்ஃபரன்ஸ்களின் நேரடி இடங்களைப் பறிக்கலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஒரு தோல்விதான் அவற்றைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1996இல் முந்தைய ஆண்டுச் சாம்பியன் யூ.சி.எல்.ஏ.வை 43–41 என்று வீழ்த்தியதும் முதுகுக்குப் பின்னால் ஓடும் அதே உத்தியில்தான்.

இன்னொரு காரணம் கால அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது. ஐவி லீக் ஆட்டங்கள் நெடுங்காலமாக வெள்ளி, சனி இரவுகளில் அடுத்தடுத்து நடந்தன. படிப்பு கெடக் கூடாது என்பதற்காக. இதற்காகப் பக்கத்து ஊர் அணிகளை ஜோடியாகச் சேர்த்திருந்தார்கள்: ஹார்வர்ட்–டார்ட்மத், யேல்–பிரவுன், கொலம்பியா–கார்னெல், பென்–பிரின்ஸ்டன். மற்ற ஆறு அணிகளும் அந்தப் பக்கம் பயணம் போகும்போது வெள்ளியன்று ஒரு சிங்கம், சனியன்று இன்னொன்று. வெள்ளியில் தப்பிப் பிழைத்தாலும் கால் களைத்துப் போயிருக்கும். பென்னுக்கும் பிரின்ஸ்டனுக்கும் மட்டும் அப்படி ஒரு வார இறுதி கிடையாது. அவை ஒன்றையொன்று தனியாகச் சந்தித்துக்கொள்ளும். முன்னணியில் இருக்கிறவர்களுக்கு அட்டவணையும் துணை போனது. திட்டமிட்டு யாரும் செய்த சதி இல்லை, ஊர்களின் தூரம் செய்த வேலை.

இடையில் ஒரு வினோதம். 1966இல் பென் லீக்கை வென்றும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தபட்சம் 1.6 மதிப்பெண் சராசரி வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. ஒரு விதி போட்டது. ஐவி கல்லூரிகளின் மாணவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் எங்கள் படிப்பை அளக்க நீங்கள் யார் என்று ஐவி லீக் முறுக்கிக்கொண்டது. அந்த ஆண்டு வாசல் திறந்தே கிடந்தது, போக ஆள் இல்லை.

ஹார்வர்டின் 66 ஆண்டுகளை இதே தட்டில் வைக்க மாட்டேன். அது பெரும்பாலும் அக்கறையின்மையால் நீண்டது. 2011 வரை ஹார்வர்ட் ஆண்கள் அணி ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகூட வென்றதில்லை. 1926இல் கட்டிய, சுமார் இரண்டாயிரம் பேர் மட்டும் உட்காரும் அரங்கம். 2007இல் டாமி அமேக்கரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். டியூக்கில் ஆடியவர், மிச்சிகனுக்குப் பயிற்சி அளித்தவர். அவர் வந்த அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது: ஹார்வர்ட் தன் நிதியுதவியை விரித்தது. ஆண்டுக்கு 60,000 டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பங்கள் ஏற்கெனவே எதுவும் கட்ட வேண்டியதில்லை. இப்போது 1,80,000 டாலர் வரை சம்பாதிக்கும் குடும்பங்களும் வருமானத்தில் சுமார் 10 சதவீதம் கட்டினால் போதும் என்றானது. எல்லா மாணவர்களுக்குமான திட்டம்தான். ஆனால் நடுத்தரக் குடும்பத்து ஆட்டக்காரர் ஒருவர் வேறு கல்லூரியின் முழு உதவித்தொகையையும் ஹார்வர்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது கணக்கு திடீரென மாறிப்போனது. பிரின்ஸ்டன் 2001இலேயே கல்விக் கடன்களை நீக்கி மானியமாக்கியிருந்தது. ஆழமான பணப்பை இருக்கிற கல்லூரிக்கு விளையாட்டு உதவித்தொகைத் தடை அவ்வளவாக உறைக்காது. பணம் குறைந்த பிரவுனுக்கு நன்றாகவே உறைக்கும். தடை எல்லோருக்கும் ஒன்றுதான், அதன் சுமை ஒன்றாக இல்லை.

ஜெரமி லின் ஹார்வர்டில் ஆடியது 2006 முதல் 2010 வரை. அவர் காலத்தில் அணி தேசியப் போட்டிக்குப் போகவில்லை. 2011இல் பிரின்ஸ்டனோடு சமநிலை. யேலின் அரங்கத்தில் நடந்த தீர்வு ஆட்டத்தில் கடைசி நொடியில் டக்ளஸ் டேவிஸ் போட்ட பந்தால் பிரின்ஸ்டன் 63–62 என்று வென்றது. 65 ஆண்டில் முடிந்திருக்க வேண்டிய காத்திருப்பு 66 ஆனது அந்த ஒரு வீச்சால். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் என்.பி.ஏ. அணிக்கு ஆடி லின் ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்தார்; மார்ச்சில் அவருடைய பழைய அணி ஒருவழியாக வாசலைத் தாண்டியது. அதுவும் ஆடாமலே: கடைசி இரவில் பிரின்ஸ்டன் பென்னை வென்றதால் ஹார்வர்டுக்குத் தனிப் பட்டம். 2013இல் நியூ மெக்ஸிகோவையும் 2014இல் சின்சினாட்டியையும் தேசியப் போட்டியில் வீழ்த்தியது. அக்கறை வந்தால் எவ்வளவு சீக்கிரம் எல்லாம் மாறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யேல் அப்படியல்ல. அங்கே முயற்சி இருந்தது. வாய்ப்பு கை நழுவிக்கொண்டே இருந்தது. ஜேம்ஸ் ஜோன்ஸ் 1999இலிருந்து பயிற்சியாளர். 2002இல் பென், பிரின்ஸ்டன், யேல் மூன்றும் சமநிலை. தீர்வு ஆட்டத்தில் யேல் பிரின்ஸ்டனை வென்று, அடுத்ததில் பென்னிடம் தோற்றது. 2015இல் நடந்தது இன்னும் கொடுமை. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் போதும், 53 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. எதிரணி, வேறு யார், டார்ட்மத்தான். அரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது யேல் ஐந்து புள்ளி முன்னிலை. 59–58 என்று தோற்றது. அதனால் ஹார்வர்டோடு சமநிலை, தீர்வு ஆட்டம் பலெஸ்ட்ராவில். அங்கேயும் 53–51 என்று தோல்வி. கைக்கு எட்டியது இரண்டு முறை வாய்க்கு எட்டாமல் போனது, ஒரே வாரத்தில். யேலை வென்றதால் டார்ட்மத்துக்கு சி.ஐ.டி. என்ற சிறிய போட்டியில் ஆட அழைப்பு வந்தது. 1959க்குப் பிறகு பருவம் முடிந்து அது ஆடிய முதல் ஆட்டம் அதுதான்.

2016இல் யேல் எதையும் மற்றவர் கையில் விடவில்லை. 14இல் 13 வெற்றி. தேசியப் போட்டியில் 12ஆம் எண்ணாக நுழைந்து, 5ஆம் எண் பேய்லரை 79–75 என்று வீழ்த்தியது. மகாய் மேசன் 31 புள்ளிகள். பேட்டியில் யேல் எப்படி உங்களைவிட அதிக ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தது என்று கேட்ட நிருபருக்கு, பேய்லரின் டோரியன் பிரின்ஸ் ரீபவுண்ட் என்றால் என்ன என்று நிதானமாக விளக்கிய காட்சியை இன்றும் இணையத்தில் பார்க்கலாம்.

அதன் பிறகு வாசலின் வடிவமே மாறியது. டிவிஷன் ஒன்றில் மற்ற எல்லா கான்ஃபரன்ஸ்களும் தங்களுக்குள் ஒரு முடிவுப் போட்டி நடத்தி அதில் வெல்பவரைச் சாம்பியனாக அனுப்பிக்கொண்டிருந்தன. 14 ஆட்டத்தில் முதலாவது வருபவரே போகட்டும் என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தது ஐவி மட்டும். 2017இல் அதுவும் இறங்கி வந்தது. முதல் நான்கு அணிகள், இரண்டு நாள், மூன்று ஆட்டங்கள். முதல் ஆண்டே விபரீதம் நடக்கப் பார்த்தது. 14–0 என்று முடித்த பிரின்ஸ்டன், 6–8 என்று நான்காவதாக நுழைந்த பென்னோடு, அதுவும் பென்னின் சொந்த அரங்கில் ஆட வேண்டி வந்தது. கூடுதல் நேரம் வரை போய்த்தான் தப்பித்தது.

முடிவுப் போட்டியால் பின்தங்கிய அணிகளுக்கு வழி பிறக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. இதுவரை பிறக்கவில்லை. 2017 பிரின்ஸ்டன், 2018 பென், 2019 யேல். 2020இல் முடிவுப் போட்டி ரத்தாகி யேலுக்கு இடம் தந்தார்கள்; அடுத்த இரண்டு நாளில் கொரோனாவால் தேசியப் போட்டியே ரத்து. 2021இல் ஐவி ஆடவே இல்லை. 2022 யேல், 2023 பிரின்ஸ்டன், 2024, 2025 யேல். 15ஆம் எண்ணாகப் போய் அரிசோனாவையும் மிசூரியையும் வென்று கடைசி பதினாறுக்குள் நுழைந்தது 2023 பிரின்ஸ்டன். 2024 யேல் 4ஆம் எண் ஆபர்னை 78–76 என்று வீழ்த்தியது. பழைய இருவர் ஆட்சிக்குப் பதில் இப்போது யேலின் ஆட்சி. கியூவில் நிற்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனாலும் விளிம்பு வரை வந்தவர்கள் உண்டு. 2024 இறுதியில் பிரவுன் கடைசி அரை நிமிடத்தில் முன்னிலையில் இருந்தது. கடைசி நொடியில் மேட் நோலிங் போட்ட பந்தால் யேல் 62–61 என்று வென்றது. 1986 என்ற எண் பிரவுனின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வீச்சு. கொலம்பியா ஆண்கள் அணியோ அந்த நான்கு பேர் போட்டிக்கே ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. டார்ட்மத் முதன்முறையாகத் தகுதி பெற்றது 2025இல். மூன்றாவதாக வந்து, அரையிறுதியில் கார்னெலிடம் தோற்றது. அதற்கு முந்தைய மார்ச்சில் அதே அணியின் ஆட்டக்காரர்கள் நாங்கள் கல்லூரியின் ஊழியர்கள் என்று வாதாடி, 13–2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைக்க முடிவெடுத்திருந்தார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் தொழிற்சங்கத்துக்கு ஆதரவாக வாக்கு முடிவு வந்த முதல் அணி அதுதான். 2024 கடைசி நாளில் தொழிற்சங்கத்துக்கான மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பணத்தைப் பற்றிய அந்தச் சண்டை ஒரு பெரிய மாற்றத்தின் ஓரம்தான். இப்போது கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஆட்டக்காரர்களும் விரும்பியபடி கல்லூரி மாறலாம். ஐவி லீக் பணம் தரும் ஏற்பாட்டில் சேரவில்லை. விளைவு, நன்றாக ஆடுபவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். 2024இல் யேலின் டேனி வுல்ஃப் மிச்சிகனுக்கும் ஹார்வர்டின் மாலிக் மேக் ஜார்ஜ்டவுனுக்கும் பென்னின் டைலர் பெர்கின்ஸ் வில்லனோவாவுக்கும் போனார்கள். 2025இல் பிரின்ஸ்டனின் சேவியன் லீ ஃபுளோரிடாவுக்கு. கவனித்தால் எல்லோரும் பழைய, பலமான ஐவி அணிகளிலிருந்து போனவர்கள். லீக் முழுவதுக்கும் இது இழப்பு. ஐவிக்கு இரண்டாவது இடம் கிடைக்கும் என்ற கனவு இன்னும் தள்ளிப்போகும். ஆனால் உச்சியில் இருப்பவர்களைத்தான் பெரிய கல்லூரிகள் முதலில் கொத்திப் போகின்றன. அப்படிப் போகப் போக எட்டு அணிகளுக்கும் நடுவில் உள்ள உயர வித்தியாசம் குறையும், நான் மேலே போட்ட எட்டில் ஒரு பங்குக் கணக்கு உண்மைக்கு அருகில் வரும்.

அப்படி வந்தால், ஒரு அணி அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது உள்ளே போக நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. நீண்ட கியூவில் நிற்கும் மூவரில் பிரவுன் முதலில் போகும் என்பது என் கணிப்பு. ஏற்கெனவே ஒரு வீச்சுத் தூரம் வரை வந்துவிட்டது. அடுத்து டார்ட்மத். நியூயார்க் நகரத்திலேயே இருந்துகொண்டு, அத்தனை உள்ளூர்த் திறமையையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு முதல் நான்குக்குள்கூட வராத கொலம்பியாவைத்தான் என்னால் கணிக்க முடியவில்லை.